எல்லாம் ஹார்மோன்தான் பாஸ்

நம் அலுவலகங்களிலும் வீடுகளிலும் 'ஹார்மோன்' என்ற சொல் வாஸ்து மாதிரி ஆகிவிட்டது. எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. மீட்டிங்கில் ஒரு பெண் குரலை உயர்த்தி மறுத்துப் பேசினால் அவருடைய வாதத்துக்குப் பதில் வராது. "ஹார்மோன் சரியில்ல போல" என்று ஒரு முணுமுணுப்பு வரும். ஒரு மேனேஜர் ஜூனியர்களைக் கடித்துக் குதறினால் அவருக்கும் அதே விளக்கம், ஆனால் பாராட்டு போல: "தலைவருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜாஸ்தி." நாற்பத்தெட்டு வயதுப் பெண் தூக்கம் வரவில்லை, எல்லாம் மறந்துபோகிறது என்று சொன்னால், "அதெல்லாம் ஹார்மோன், தானா சரியாயிடும்." ஜிம் போகும் பையனிடம் டப்பாவில் அடைத்து விற்கப்படுவதும் இதே சொல்தான்.

இந்த வாக்கியங்கள் எல்லாமே அறிவியலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது: ஹார்மோன் ஒரு கைப்பிடி. ஏற்றினால் இப்படி, இறக்கினால் அப்படி. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் படம் ரொம்பவே வசதியானது. கன்ஃபிக் ஃபைலில் ஒரு எண் குறைந்துவிட்டது, சிஸ்டம் மக்கர் செய்கிறது, எண்ணைப் பழையபடி வை, சரியாகிவிடும்.

எண்ணைப் பழையபடி வைத்தால் என்ன ஆகும் என்பதை விலங்குகளிடம் 170 ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹார்மோன் சுரக்கும் உறுப்பை எடுத்துவிடுவது, மூளையும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது, பிறகு அதே ஹார்மோனைத் திரும்பக் கொடுப்பது. எடு, கொடு, பார். இந்தச் சோதனைகள் கைப்பிடிக் கதையை எப்போதோ உடைத்துவிட்டன. நாம் மட்டும் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். இதனால் யாருடைய வாய் அடைக்கப்படுகிறது, யாருடைய மூளை வீணாகிறது என்பதுதான் என் சண்டை.

சேவலிலிருந்து தொடங்குவோம். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் என்ற உடலியலாளர் ஆறு இளம் சேவல்களை எடுத்துக்கொண்டார. இரண்டுக்கு முழுக்கக் காயடித்தார். மற்ற நான்கிலும் விதையை அதன் இடத்திலிருந்து பிரித்து, வயிற்றுக்குள் வேறு இடத்தில் ஒட்டி வளரும்படி வைத்தார். அவற்றில் இரண்டுக்கு ஒன்றின் விதையை மற்றொன்றுக்கு மாற்றியே வைத்தார். காயடித்த இரண்டும் கொண்டை சிறுத்து, கூவாமல், சண்டைக்குப் போகாமல் வளர்ந்தன. மற்ற நான்கும் அசல் சேவல்களாகவே வளர்ந்தன. கூவின, சண்டை போட்டன, பெட்டையைத் துரத்தின. இடம் மாறிய விதைக்குப் பழைய நரம்புத் தொடர்பு கிடையாது. ஆகவே ஏதோ ஒன்று ரத்தம் வழியாகத்தான் உடல் முழுக்கப் போகிறது என்று பெர்தோல்ட் முடிவுக்கு வந்தார். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1905இல்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வேலை நடந்துவிட்டது.

கைப்பிடிக் கதைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? எடுத்தால் போகிறது, வைத்தால் வருகிறது. 1889இல் 72 வயதான பிரவுன்-செகார் பாரிஸில் அறிஞர் சபை முன் எழுந்து நின்று, நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டதாகவும், இளமை திரும்பிவிட்டதாகவும் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. விதை அதைச் சேமித்து வைப்பதுமில்லை. அவர் ஏற்றிக்கொண்ட சாற்றில் பெயர் சொல்லும்படி ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பில்லை. நம்பிக்கைதான் வேலை செய்தது. அந்தச் சாறு கொஞ்ச காலத்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சக்கைப்போடு போட்டது. இன்றைய பூஸ்டர் டப்பாவின் கொள்ளுத்தாத்தா அது.

சேவலோடு நின்றுவிட்டால் கதை அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

1952இல் கிரண்ட், யங் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண் கினிப்பன்றிகளை அவற்றின் பாலுணர்வு வேகத்தை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்: அதிகம், நடுத்தரம், குறைவு. பிறகு எல்லாவற்றுக்கும் காயடித்தார்கள். மூன்று வகையும் அடங்கிப்போயின. அடுத்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். கைப்பிடிக் கதை உண்மையென்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? ஒரே டோஸ், ஆகவே எல்லாம் ஒரே மாதிரி ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வேகமாக இருந்தவை பழைய வேகத்துக்கே திரும்பின. மந்தமாக இருந்தவை பழைய மந்தத்துக்கே திரும்பின. மந்தமானவற்றுக்கு டோஸைக் கூட்டியும் அவை வேகக்காரர்கள் ஆகிவிடவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஹார்மோன் இல்லாமல் அந்த நடத்தை வரவில்லை, சரி. ஆனால் எந்த அளவுக்கு வரும் என்பதைத் தீர்மானித்தது ஊசியில் இருந்த பொருள் இல்லை. ஊசி போட்டுக்கொண்ட உயிரின் மூளையும் உடலும் அதுவரை எப்படி உருவாகி வந்திருந்தன என்பதுதான். மழை பெய்தால்தான் முளைக்கும். ஆனால் நெல் முளைக்குமா, கோரை முளைக்குமா என்பது மழையின் கையில் இல்லை.

இன்னொன்று. ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு தலாபாய்ன் குரங்குகளில் டிக்சன், ஹெர்பர்ட் இருவரும் செய்து 1977இல் வெளியிட்ட ஆய்வு. கூட்டத்தில் யார் மேல், யார் கீழ் என்பது முடிவாகிவிட்ட ஆண் குரங்குகள், காயடிக்கப்பட்டவை. அவற்றுக்கு டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்தபோது ஆக்ரோஷம் கூடியது. யார் மீது? தனக்குக் கீழே இருந்தவர்கள் மீது. மேலே இருந்தவனை எதிர்த்து யாரும் புரட்சி செய்துவிடவில்லை. வரிசை அப்படியே இருந்தது.

இப்போது நம் மேனேஜருக்கு வாருங்கள். ஜூனியர்களிடம் சிங்கமாகக் கர்ஜிக்கும் அவர், கிளையன்ட் காலில் "ஷ்யூர், ஷ்யூர், அப்சல்யூட்லி" என்று குழைகிறார். ஐந்து நிமிட இடைவெளியில் ரத்தத்தில் அளவு இறங்கிவிட்டதா? இல்லை. யாரிடம் கத்தலாம், யாரிடம் கூடாது என்று மூளை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஹார்மோன் இல்லை. நிறுவனம், குடும்பம், ஊர், சாதி. "டெஸ்டோஸ்டிரோன் ஜாஸ்தி" என்று சொல்லும்போது நாம் இவை எல்லாவற்றையும் விடுதலை செய்து அனுப்பிவிட்டு, ஒரு பாவப்பட்ட மூலக்கூறைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

பெண் விலங்குகளின் கதை இன்னும் சுவாரஸ்யமானது, இன்னும் கேவலமாகத் திரிக்கப்பட்டதும்கூட. 1990இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் காதரின் வூலி, எலிசபெத் கூல்ட், புரூஸ் மெக்கீவன் ஆகியோர் இருந்த குழு ஒன்றைக் கண்டுபிடித்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் மேல் நுண்ணிய முட்கள் மாதிரி நீட்டல்கள் இருக்கும். ஒரு நரம்பணு இன்னொன்றின் சமிக்ஞையைப் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறது. எலியின் சினைப்பையை எடுத்துவிட்டால் சில நாட்களில் இந்த முட்கள் குறைகின்றன. ஈஸ்ட்ரடையால் கொடுத்தால் திரும்ப முளைக்கின்றன. முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் எலியிலும் நான்கைந்து நாள் சினைச் சுழற்சிக்குள் முட்களின் அடர்த்தி சுமார் 30 விழுக்காடு ஏறி இறங்குகிறது. 1992இல் வோங், மாஸ் இருவரும் அந்தப் பகுதியின் மின்செயல்பாட்டை அளந்து, சினைப்பை அகற்றிய எலிகளுக்கு ஈஸ்ட்ரடையால் கொடுத்தால் அந்த நரம்பணுக்கள் தூண்டலுக்குக் கூடுதலாகப் பதில் தருகின்றன என்று காட்டினார்கள்.

வளர்ந்து முடிந்த மூளை கல்லில் செதுக்கியது என்று பலரும் நம்பிய காலத்தில் வந்த செய்தி இது. மூளை நாள் கணக்கில் தன்னைக் கலைத்துக் கட்டிக்கொள்கிறது! கொண்டாடியிருக்க வேண்டிய விஷயம். நம் ஆட்கள் காதில் எப்படி விழுந்தது தெரியுமா? "பாத்தியா, பொம்பளைங்க மூளை நாலு நாளைக்கு ஒரு தரம் மாறுது, அறிவியலே சொல்லுது."

ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே இந்தக் காது இருந்தது. பெண் எலிகளுக்குச் சுழற்சி உண்டு, ஆகவே அளவீடுகள் தாறுமாறாக வரும், எதற்கு வம்பு, ஆண் எலியே போதும் என்று பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். பீரி, சுக்கர் இருவரும் 2011இல் எண்ணிப் பார்த்தபோது நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள், பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல ஐந்தரை மடங்கு இருந்தன. அந்தச் சாக்காவது உண்மையா? 2014இல் பிரெண்டர்காஸ்ட் குழு 293 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தது. சுழற்சியின் எந்த நாள் என்று பார்க்காமலே எடுத்த பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண்களுடையதைவிட அதிகம் சிதறவில்லை. சில அளவீடுகளில் ஆண்கள்தான் கூடுதலாகச் சிதறினார்கள். கூட்டமாக அடைத்து வைத்தால் சிதறல் இன்னும் ஏறியது. யார் பெரியவன் என்ற போட்டி அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

அதாவது, "நிலையில்லாதவள்" என்ற முத்திரையை யாரும் அளந்து பார்த்துக் குத்தவில்லை. முதலில் குத்திவிட்டார்கள், அளந்து பார்க்கும் எண்ணம் மிகத் தாமதமாக வந்தது. அலுவலக முணுமுணுப்பும் இதே வகைதான். ஒரு பெண் சொன்ன எஸ்டிமேட் தப்பா சரியா என்று பார்க்க எக்செல் போதும். காலண்டர் தேவையில்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். "அப்போ மாதவிடாய்க்கு முன்னால் வரும் வேதனை பொய்யா? மெனோபாஸ் அவஸ்தை கற்பனையா?" இல்லவே இல்லை. ஹார்மோன் மூளையில் ஒன்றும் செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு சோதனையும் அது செய்கிறது என்பதற்கே ஆதாரம். நான் கேட்பது, செய்வதாக நம்புகிறவர்கள் ஏன் அதைச் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான். "ஹார்மோன்" என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. உண்மையில் அங்கேதான் தொடங்க வேண்டும். எந்த ஹார்மோன்? எப்போது குறைந்தது? எப்போது திரும்பக் கொடுத்தார்கள்? எந்த மூளைக்கு?

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட்டதன் விலை ஒருமுறை நன்றாகவே தெரிந்தது. குதிரை கர்ப்பமாக இருக்கும்போது அதன் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரோஜன்கள் 1942லேயே அமெரிக்காவில் மாத்திரையாகிவிட்டன. 1966இல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் மெனோபாஸை ஒரு குறைபாட்டு நோய் என்றே அறிவித்து, என்றும் பெண்மை என்று ஆசை காட்டிப் புத்தகம் எழுதினார். அது அமோகமாக விற்றது. எண் குறைந்தது, எண்ணைத் திரும்ப வை. பிறகு எலி முடிவுகளும் வந்து சேர, ஈஸ்ட்ரோஜன் மறதி நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை வலுத்தது. 2003இல் ஒரு பெரிய மருத்துவச் சோதனையின் முடிவு வெளியானது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 4,532 பெண்கள். ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் 40 பேருக்கு டிமென்ஷியா. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 21 பேருக்கு. தடுக்கவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது.

எலி பொய் சொல்லிவிட்டதா? எலியிடம் கேட்ட கேள்வி வேறு. பெரும்பாலான சோதனைகளில் இளம் எலிக்குச் சினைப்பையை எடுத்துவிட்டு, சில நாட்களிலோ வாரங்களிலோ ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தார்கள். இந்தப் பெண்களுக்கோ மெனோபாஸ் முடிந்து பல ஆண்டுகள் ஓடியிருந்தன. 2006இல் ஜில் டேனியல் குழு நடுவயது எலிகளில் அந்த இடைவெளியையே சோதித்தது. சினைப்பை எடுத்த கையோடு ஈஸ்ட்ரடையால் கொடுத்தால் நினைவுத்திறன் மேம்பட்டது. நீண்ட காலம் காயப்போட்டுவிட்டுக் கொடுத்தால் பயனில்லை. அதே பொருள், அதே உறுப்பு. நேரம் மட்டும் வேறு.

உடனே "அப்படின்னா சீக்கிரம் ஆரம்பிச்சா மனுஷங்களுக்கும் மூளை ஷார்ப் ஆகும்" என்று ஒரு புது விற்பனை தொடங்கும் அல்லவா? அதுவும் சோதிக்கப்பட்டாயிற்று. மெனோபாஸ் ஆன சில ஆண்டுகளுக்குள் தொடங்கிய பெண்களை வைத்து நடத்திய இரண்டு சோதனைகளின் முடிவுகள் 2015, 2016இல் வந்தன. நினைவுத்திறன் கூடவும் இல்லை, கெடவும் இல்லை. உடல் அனலாய்க் கொதிப்பதற்கும் அதனால் கெடும் தூக்கத்துக்கும் ஹார்மோன் நல்ல மருந்து. அதற்காக எடுக்கலாமா என்று மருத்துவரிடம் பேசுவது ஒரு பெண்ணின் உரிமை. புத்திக்கூர்மைக்காக எடுப்பது வேறு கதை. "தானா சரியாயிடும்" என்று வாயடைப்பவரும், "இதைப் போட்டால் இளமை" என்று விற்பவரும் ஒரே தவறின் இரண்டு முனைகள். இருவருமே எதிரில் இருக்கும் ஆளிடம் கேள்வி கேட்பதில்லை.

நேரம் என்று சொன்னேன். அது எவ்வளவு கறாரான விஷயம் என்பது தைராய்டில்தான் முழுசாகத் தெரியும். இங்கேதான் என் கோபமும்.

1950களிலும் 60களிலும் இங்கிலாந்தில் ஜே.டி. ஏர்ஸ் என்ற ஆய்வாளர், பிறந்த உடனே தைராய்டை இழந்த எலிக்குட்டிகளின் மூளையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவற்றின் மூளைப் புறணியில் நரம்பணுக்களின் கிளைகள் சரியாகப் பரவவில்லை. 1960இல் வெளியான ஆய்வில் அவற்றின் மூளை மின்னலைகளும் இயல்பான எலிகளுடையவற்றிலிருந்து வேறுபட்டிருந்தன. தைராய்டு ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தால் சரியாகுமா? ஆகும், உடனே கொடுத்தால். 1961இல் அவர் வெளியிட்ட ஆய்வின் மையமே வயதுதான்: எந்த வயதில் ஹார்மோன் போனது, எந்த வயதில் திரும்ப வந்தது என்பதைப் பொறுத்துத்தான் சேதமும் மீட்சியும். தள்ளிப்போடப் போட மீட்சி சுருங்கியது. தாமதமாகக் கொடுத்தாலும் உடல் ஓரளவு வளர்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். மூளை அப்படிச் செய்வதில்லை. இன்ன நாளில் இன்ன கிளை விரிய வேண்டும் என்ற அட்டவணை அதற்கு உண்டு. நாள் தப்பினால், பிறகு எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அந்த நாள் திரும்பாது. என் வேலையில் ரிலீஸ் தேதி தப்பினால் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம். இங்கே அடுத்த வாரம் கிடையாது.

மனிதக் குழந்தைக்கும் இதே விதி. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைகளைப் பற்றி 1972இல் வந்த ஓர் ஆய்வு: மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கியவர்களின் சராசரி ஐக்யூ 89. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70. அதற்கும் பிறகு என்றால் 54. கொடூரம் என்னவென்றால், பிறந்தவுடன் இந்தக் குழந்தையைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும். பெரும்பாலான குழந்தைகள் சாதாரணமாகவே இருக்கும். அழாது, நன்றாகத் தூங்கும். "எவ்வளவு சமத்து!" என்று பாட்டி திருஷ்டி கழிப்பார். அடையாளங்கள் தெரியும்போது அட்டவணையில் பாதி நாட்கள் போயிருக்கும்.

ஆகவே ஒரே வழி, எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பது. குதிகாலில் ஒரு குத்து, வடிதாளில் சில சொட்டு ரத்தம். கனடாவின் கியூபெக்கில் ஷான் துய்சோ இதை 1974இலேயே தொடங்கிவிட்டார். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே படிக்கும், வேலைக்குப் போகும், இந்த மாதிரி கட்டுரைகளைப் படித்துச் சலித்துக்கொள்ளும். மாத்திரையின் செலவு நாளொன்றுக்குச் சில ரூபாய். கைப்பிடிக் கதை கிட்டத்தட்ட உண்மையாகும் ஒரே இடம் இதுதான்: எண்ணைத் திரும்ப வை, மூளை பிழைக்கும். ஒரே நிபந்தனை, நாள் தப்பக்கூடாது.

இந்தியாவில் என்ன நிலை? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்பட ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தது. 1,130 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறைபாடு. தென்னிந்தியக் கணக்கு இன்னும் மோசம், 727க்கு ஒன்று. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் பிறப்புகள் உள்ள நாடு, வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்குப் பதினேழாயிரத்துக்கும் மேல். குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறிய மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமின் 30 வகைப் பட்டியலில் இது இருக்கிறது. எங்கே? கடைசி வரிசையில், வேறு இரண்டு நோய்களோடு சேர்த்து, 'விருப்பத்துக்குரியது' என்ற குறிப்போடு. எலியின் மூளை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்ட விஷயம் நமக்கு இன்னும் விருப்பப்பாடம்! கோவாவும் கேரளமும் அரசுச் செலவில் இந்தச் சோதனையைத் தொடங்கி, முடியும் என்று காட்டிவிட்டன. மற்றபடி, பெரிய தனியார் மருத்துவமனையில் பிறந்தால் பேக்கேஜில் சேர்ந்து வரும். வேறு எங்கே பிறந்தாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதை ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள் முழுக்க வாயில் ஹார்மோன் புரளும் ஒரு சமூகம். பெண் கோபப்பட்டால் ஹார்மோன், ஆண் அடித்தால் ஹார்மோன். உண்மையாகவே ஒரு ஹார்மோன் குறைந்து ஒரு மூளை கண்முன்னே கெடும் இடத்தில் மட்டும் அந்தச் சொல் நமக்கு ஞாபகம் வருவதில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளியில் பின்தங்கும்போதும் "மந்தம், பிறவியிலேயே அப்படித்தான்" என்போம். அங்கே மட்டும் விதி, தலையெழுத்து.

சொல்லைக் கைவிட வேண்டாம். சரியான இடத்தில் பயன்படுத்தினால் போதும். அடுத்த முறை மீட்டிங்கில் யாராவது "ஹார்மோன்" என்று முணுமுணுத்தால், எந்த ஹார்மோன், எப்போது அளந்தீர்கள் என்று சத்தமாகவே கேளுங்கள். வீட்டிலோ நண்பர்களிடையோ ஒரு குழந்தை பிறந்தால், ஸ்வீட் வாங்கும் முன் இன்னொன்றைக் கேளுங்கள்: குதிகால் ரத்தம் எடுத்து டிஎஸ்ஹெச் பார்த்தாயிற்றா, ரிசல்ட் வந்ததா? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் கேளுங்கள், அந்த 'விருப்பத்துக்குரியது' யாருடைய விருப்பம் என்று.